பத்தாயிரம் ரூபாயில் ஒரு அலமாரி: வேலைக்குச் சேரப் போகும் தங்கைக்கு

அன்புள்ள செல்வி,

"எந்த டிரெஸ் போட்டாலும் எனக்கு எடுக்கவே மாட்டேங்குது அக்கா. உயரம் அஞ்சடி, இடுப்புக்குக் கீழே பெருசு. அடுத்த மாசம் சென்னையில வேலைக்குச் சேரணும், துணிக்குன்னு கையில பத்தாயிரம்தான் இருக்கு" என்று எழுதியிருந்தாய். பத்தாயிரம் போதும். ஒரே நாளில் ரங்கநாதன் தெருவில் கொண்டுபோய்க் கொட்டிவிடாதே, அவ்வளவுதான்.

ஏன் எடுக்கவில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இடுப்பில் பிடிக்கிறதே என்று நீ ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறாய். இடுப்பு சரியாகிவிடும், தோள் கெட்டுப்போகும். தோள் தையல் எலும்பைத் தாண்டி ஒரு இன்ச் இறங்கும், கழுத்து அகன்று நழுவும், அரைக்கை முழங்கை வரை வரும். உன் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிக் காட்டுவது அந்தத் தொங்குகிற தோள்தான். உன் இடுப்பு பாவம், அதன் மேல் பழி போடாதே.

அதனால் டாப்ஸ் எடுக்கும்போது தோளுக்கும் மார்புக்கும் பார்த்து எடு. இடுப்பைத் தையல்காரரிடம் விடு. பக்கத் தையலைப் பிடிப்பதும் சைடு ஓப்பனை, அதாவது டாப்ஸின் இரு பக்கமும் கீழே பிரிந்திருக்கிற வெட்டை, ஏற்றுவதும் பத்து நிமிட வேலை. தோளைக் குறைப்பதென்றால் கையை முழுசாகப் பிரிக்க வேண்டும், கை வந்து சேர்கிற ஆர்ம்ஹோலை மறுபடி வெட்ட வேண்டும், கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். பல பேர் அந்த வேலையைத் தொடவே மாட்டார்கள்.

சைடு ஓப்பன் எங்கே ஆரம்பிக்கிறது என்பது உன்னைப் போன்ற உடல்வாகுக்கு மிக முக்கியம். கண்ணாடி முன் நின்று, பின்பக்கம் எங்கே அதிகம் எடுப்பாக இருக்கிறதோ அங்கே டேப்பைச் சுற்று. பெரும்பாலும் இடுப்பிலிருந்து ஏழு, எட்டு இன்ச் கீழே வரும். ஓப்பன் அந்த இடத்துக்கு இரண்டு மூன்று இன்ச் மேலேயே பிரிந்துவிட வேண்டும். அதற்குக் கீழே பிரிந்தால் துணி அங்கே இழுபட்டுக் குறுக்கே சுருக்கம் விழும். உட்கார்ந்து எழுந்தால் டாப்ஸ் இடுப்பில் சுருண்டு நிற்கும். நீ "டைட்டா இருக்கு" என்று சொல்கிற டாப்ஸ்களில் பாதிக்கு இதுதான் கோளாறாக இருக்கும். ஓப்பனை இரண்டு இன்ச் ஏற்றிப் பார், அதே சைஸ் சரியாக உட்காரும். ரொம்பவும் ஏற்றிவிடாதே, கையைத் தூக்கினால் பேன்ட் பட்டி தெரியக் கூடாது.

சைஸ் எழுத்தை நம்பாதே. ரெடிமேட் டாப்ஸில் வழக்கமாக எம் என்றால் 38, எல் என்றால் 40, எக்ஸெல் என்றால் 42 என்று வைப்பார்கள். சில கம்பெனிகளுக்கு அது துணியின் மார்புச் சுற்று, சிலருக்குப் போடுகிறவரின் மார்புச் சுற்று. பையில் ஒரு இன்ச் டேப் வைத்துக்கொள். டாப்ஸை மேசையில் மட்டமாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கு. இழுபடாத காட்டன் என்றால் உன் மார்பளவைவிட இரண்டு முதல் மூன்று இன்ச் கூட இருக்க வேண்டும். உனக்கு 36 என்றால் 38, 39 சரி. 42 வாங்காதே.

டிரையல் ரூமில் நேராக நின்று பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு கையையும் தூக்கு. டாப்ஸ் முழுக்கவே மேலே ஏறினால் ஆர்ம்ஹோல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அக்குளில் லூசாக இருந்தால் வசதி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அக்குளுக்கு அருகில் வருகிற ஆர்ம்ஹோலில்தான் கை தாராளமாக அசையும். அக்குளிலிருந்து மார்பை நோக்கிச் சாய்வாகக் கோடு விழுந்தால் டாட், அதாவது மார்பு வடிவத்துக்காக மடித்துப் பிடிக்கிற தையல், பிடிக்கவில்லை, அல்லது தப்பான இடத்தில் பிடித்திருக்கிறார்கள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பார். உன் வேலையில் எட்டு மணி நேரம் உட்காரத்தானே போகிறாய்.

நீளத்துக்கு ஒரு வார்த்தை. கடையில் தொங்குகிற டாப்ஸ் பெரும்பாலும் 44, 46 இன்ச் இருக்கும். ஐந்தடி உயரத்துக்கு அது முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் வரை போய்விடும். முழங்காலுக்குச் சற்று மேலே முடிந்தால் கால் நீளமாகத் தெரியும். கீழே பார்டர் பிரின்ட் இருந்தால் வெட்ட முடியாது, அதை மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்.

இனி கணக்கு. டாப்ஸிலிருந்து ஆரம்பிக்காதே. முதல் 1,500 ரூபாய் உள்ளாடைக்கு. நல்ல பிரா இரண்டு, ஸ்லிப் இரண்டு. மார்புக்குக் கீழே சுற்றுகிற பட்டைதான் பாரத்தைத் தாங்க வேண்டும். பட்டை முதுகில் மேலே ஏறினால் அது உனக்குப் பெரிது. தோள் பட்டியை இறுக்கி அதைச் சரிசெய்யப் பார்த்தால் தோளில் வடு விழும், அவ்வளவுதான் பலன். வெள்ளை டாப்ஸுக்குள் வெள்ளை ஸ்லிப் போடாதே, பளிச்சென்று வெளியே தெரியும். உன் தோல் நிறத்துக்கு நெருக்கமான பிரவுன் போட்டால் தெரியாது.

அடுத்து 1,800 ரூபாயில் மூன்று பேன்ட்: ஆஃப் ஒயிட், கறுப்பு, நேவி புளூ. லெக்கிங்ஸைவிட நேராக விழுகிற ஸ்ட்ரெயிட் பேன்ட் உனக்கு நன்றாக இருக்கும், தொடையை ஒட்டிப் பிடிக்காமல் இடுப்பிலிருந்து நேராக இறங்கும். அடியில் கணுக்கால் எலும்பு தெரிகிற அளவுக்கு நிறுத்து. லெக்கிங்ஸ்தான் வேண்டுமென்றால் 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா, நாலு பக்கமும் இழுபடுகிற ரகம் எடு. முழங்காலை மடக்கிப் பார்த்துத் துணி வெளுத்துத் தெரிந்தால் வைத்துவிடு.

அப்புறம்தான் டாப்ஸ், ஆறு. ஒவ்வொன்றும் அந்த மூன்று பேன்ட்டில் குறைந்தது இரண்டுக்காவது சேர வேண்டும். சேராதது எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதி விலையில் கிடைத்தாலும் இப்போது வேண்டாம். அதற்கென்று ஒரு பேன்ட், ஒரு துப்பட்டா என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். மூன்றை ரெடிமேடில் ஒன்று 600 ரூபாய்க்குள் எடு. மூன்றைத் தைத்துக்கொள். 44 இன்ச் அகலத் துணியில் உனக்கு ஒரு டாப்ஸுக்கு இரண்டரை மீட்டர் தாராளம். மீட்டர் 150 என்றால் துணி 375, தையல்கூலி 300 என்று வை, 675ல் உன் தோளுக்கே வெட்டிய டாப்ஸ் வந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே சின்னாளப்பட்டி இருக்கிறது. அங்கே ஒரு சுங்குடிப் புடவை எடுத்தால் ஐந்தரை மீட்டர், அதில் இரண்டு டாப்ஸ் வரும். இரண்டும் ஒரே நிறமாகிவிடுமே என்றால் தோழி யாரையாவது சேர்த்துக்கொண்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். காட்டன் துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவை. முதல் தண்ணீரில் காட்டன் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 40 இன்ச் டாப்ஸில் ஒன்றரை, இரண்டு இன்ச் அது. நனைக்காமல் தைத்துவிட்டு அப்புறம் தையல்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

தைக்கக் கொடுக்கும்போது "பக்கத்துல ஒவ்வொரு இன்ச் உள்ளே விட்டுத் தைங்க" என்று மறக்காமல் சொல். இரண்டு பக்கமும், முன் துண்டு பின் துண்டு இரண்டிலும் அப்படி விட்டால், நாளைக்கு உடம்பு கொஞ்சம் போட்டாலும் பிரித்து மூன்று இன்ச் வரை பெரிதாக்கிக்கொள்ளலாம். ரெடிமேடில் இந்தத் துணி இருக்காது. ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் தையலை ஒட்டியே வெட்டியிருப்பார்கள். அதனால் ரெடிமேடைச் சிறிதாக்கலாம், பெரிதாக்க முடியாது.

ஒரு காட்டன் புடவையும் வேண்டும், ஆபீஸில் பொங்கல், ஆயுத பூஜை எல்லாம் வரும். புடவை, பிளவுஸ், ஃபால்ஸ் எல்லாம் சேர்த்து 1,500. அவசரமில்லை; கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள், அதுவரை பொறு. ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் பார்டராகப் பார். அரை அடி பார்டர் உன் உயரத்தைக் குறுக்கே வெட்டிவிடும். கஞ்சி கொஞ்சமாகப் போடு. இன்ஸ்கர்ட் ஆறு பீஸ் வெட்டித் தைத்ததாக இருக்கட்டும். சுருக்கு வைத்தது இடுப்பைச் சுற்றி மூட்டை கட்டியதுபோல் உப்பிக் காட்டும்.

துப்பட்டா இரண்டுக்கு 500. ஆல்ட்ரேஷனுக்கென்று 500 தனியாக எடுத்து வை, அதில் கை வைக்காதே. எல்லாம் கூட்டினால் 9,625 வரும்.

நிறத்தைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். "மாநிறத்துக்கு லைட் கலர் எடுபடாது" என்று கடையில் யாராவது சொல்வார்கள், வீட்டிலேயும் சொல்லியிருப்பார்கள். நம்பாதே. நம் தோலுக்கு வெள்ளையும் இளம் மஞ்சளும் அருமையாக எடுக்கும். மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ இதெல்லாம் நமக்கென்றே சாயம் போட்டதுபோல் இருக்கும். சாம்பலும் காக்கியும்தான் சிலருக்கு முகத்தைச் சோர்வாகக் காட்டும், அதுவும் சிலருக்குத்தான். கடை விளக்கில் எந்த முடிவுக்கும் வராதே. "வெளிச்சத்துல பார்க்கணும்" என்றால் வாசல் வரை எடுத்து வந்து காட்டுவார்கள். மோவாய்க்குக் கீழே துணியைப் பிடித்து, கூட வருகிறவரிடம் எது முதலில் கண்ணில் படுகிறது என்று கேள். முகம் என்றால் எடு. துணி என்றால் அந்த நிறத்தைப் பேன்ட்டுக்கு வைத்துக்கொள்.

விலை குறைந்த துணியில் என்னென்ன கெட்டுப்போகும் என்று தெரிந்தால் பாதி நஷ்டத்தைத் தவிர்க்கலாம். ரேயான் மெத்தென்று விழும், விலையும் குறைவு, ஆனால் நனைந்தால் பலம் போய்விடும். முறுக்கிப் பிழியாதே, ஈரமாகக் கொடியில் தொங்கவிட்டால் நீளம் இழுத்துவிடும். வாங்கும்போது பக்கத் தையலின் இரு பக்கமும் விரலால் பிடித்து லேசாக இழு. தையல் ஓரத்தில் நூல் விலகிப் பல் பல்லாக இடைவெளி தெரிந்தால் ஒரு மாதம்கூட வராது. காட்டன் என்று சொல்லிப் பாலியெஸ்டர் கலந்ததை விற்பார்கள். கட் பீஸ் ஓரத்திலிருந்து ஒரு நூலை வீட்டில் கொளுத்திப் பார்: காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ரேயானும் காட்டன் மாதிரியேதான் எரியும், அதனால் இந்தச் சோதனை பாலியெஸ்டரைக் கண்டுபிடிக்க மட்டும். சென்னை வேர்வைக்குப் பாலியெஸ்டர் டாப்ஸ் வேண்டவே வேண்டாம்.

அரக்கு, கருநீலம், சுங்குடி எதுவானாலும் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார். கொஞ்சம் ஒட்டினால் பரவாயில்லை, முதல் இரண்டு மூன்று முறை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசு. நிறையவே ஒட்டினால் ஆஃப் ஒயிட் பேன்ட்டோடு அதைப் போட முடியாது. ஆடித் தள்ளுபடியில் எடுப்பதாக இருந்தால் முழுசாக விரித்து மடிப்புக் கோட்டைப் பார். கண்ணாடி அலமாரியில் மாசக்கணக்கில் கிடந்தது அந்தக் கோட்டில் வெளுத்திருக்கும், தோய்த்தாலும் போகாது.

முதல் மாதத்துக்கு உள்ளாடை, இரண்டு பேன்ட், மூன்று டாப்ஸ் போதும். வீட்டில் இருக்கிறவற்றில் தோள் சரியாக உட்காருகிற இரண்டை ஓப்பன் ஏற்றி எடுத்துக்கொள். ஆபீஸில் மற்றவர்கள் என்ன போடுகிறார்கள், ஏசி எவ்வளவு குளிர்கிறது, பஸ்ஸில் எவ்வளவு கசங்குகிறது எல்லாம் பார்த்துவிட்டு மீதியை இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வாங்கு.

தோள், மார்பு, இடுப்பு, ஹிப் (பின்பக்கம் எடுப்பாக இருக்கிற இடத்துச் சுற்று), கை நீளம், டாப்ஸ் நீளம், இந்த ஆறு அளவையும் இந்த வாரமே எடுத்து அனுப்பு. தைக்கிற மூன்றையும் ஊரிலேயே உன் டெய்லரிடம் கொடுத்துவிடலாம். முதலில் ஒன்றை மட்டும் தைக்கச் சொல், போட்டுப் பார்த்துத் திருத்திய பிறகு மற்ற இரண்டையும் வெட்டட்டும். புடவை பிளவுஸுக்கு மட்டும் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னாலேயே சென்னையில் ஆள் பார்த்து வைத்துக்கொள், கடைசி மூன்று வாரத்தில் புது வேலை யாரும் வாங்க மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா