நெல் கொப்பியில் இருந்து தொடங்கும், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்தில் வணிகக் கற்கை படிக்கிற நீர் பைதன் நிரல்மொழிக் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து, பிறகு சொந்தமாய் ஒரு தொழில்நுட்பக் கம்பனி தொடங்க யோசிக்கிறீர் என்று கேள்வி. நல்லது, சேரும். எந்தக் கோர்ஸ் என்று கன நாள் மினக்கெட வேண்டாம். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பைதன் வகுப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம், ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் அதில் தருகிற பயிற்சிகளோடு நின்றுவிட்டால், திரையில் நட்சத்திர முக்கோணம் போடத் தெரிந்த வணிக மாணவியாகத்தான் வெளியே வருவீர். முதல் கிழமையிலேயே ஒரு அரிசி ஆலையின் நெல் கொள்வனவுக் கொப்பியைக் கையில் எடும். படிக்கிற ஒவ்வொரு பாடத்தையும் அந்தக் கொப்பியில் போட்டுப் பாரும். ‘ஆப்’ என்ற சொல் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

ஆலை முதலாளியிடம் சொல்லிவிட்டு, விவசாயிகளின் பெயர்களை நீக்கி, ஐம்பது வரிகளைப் பிரதி பண்ணும். திகதி, நெல் இனம், மூடை, மொத்த எடை, ஈரப்பதன், விலை, கழிவு, முற்பணம், கையில் கொடுத்த காசு. உமது நிரல் போடும் கணக்கு இந்த ஐம்பது வரியோடும் சதம் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாது. உடனே நிரலில் பிழை என்று நினைக்காதேயும். சாக்கு எடைக்கு மூடைக்கு இவ்வளவு என்று கழித்திருப்பார்கள், உழவுக்கு வாங்கின முற்பணத்தைச் சொல்லாமல் வெட்டியிருப்பார்கள், கடைசியில் பத்து ரூபாவுக்குச் சரிக்கட்டியிருப்பார்கள். கொப்பியில் எழுதாத இந்த விதிகளைப் பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கொழும்பில் இருந்து மென்பொருள் விற்க வருகிறவருக்குக் கிடைக்காத சரக்கு இது.

ஈரப்பதனை மட்டும் கிட்ட வைத்துப் பார்ப்போம். 14 வீத ஈரத்தை அளவுகோலாக வைத்து நெல் வாங்குவது வழக்கம். 20 வீத ஈரத்தோடு 1,000 கிலோ வருகிறது. இருபதில் பதினாலு போக ஆறு, ஆகவே ஆறு வீதம் வெட்டி 940 கிலோ என்று பலர் போடுவார்கள். உண்மையில் அந்த நெல்லில் நீர் போக இருப்பது 800 கிலோ. 14 வீத ஈரத்துக்குக் காய்ந்தால் அந்த 800 கிலோ மொத்தத்தில் 86 வீதமாக இருக்கும். மொத்த எடை 930.23 கிலோ. வித்தியாசம் 9.77 கிலோ. கிலோ 100 ரூபா என்று பேச்சுக்கு வைத்தால் 977 ரூபா. நிரலில் ஒரே வரி:

காய்ந்த_எடை = எடை * (100 - ஈரம்) / (100 - 14)

(மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பைதன் 3 முறைக்காது. ஆனால் பிறகு வேறொரு நிரலாளரைச் சேர்க்கப் போகிறீர் என்றால் யோசித்துச் செய்யும்.)

எந்த முறை சரி என்று தீர்ப்புச் சொல்வது உமது வேலை இல்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் எதற்கு ஒத்துக்கொண்டார்களோ அதைப் போட்டு, எப்படி வெட்டியது என்பதைப் பற்றுச்சீட்டில் காட்டும். இன்னொன்று: ஈரமானி இல்லாமல் நெல்மணியைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்கிற இடங்களும் உண்டு. அங்கே ஈரப்பதனைக் கட்டாயம் நிரப்பவேண்டிய பெட்டியாக வைத்தால், எல்லா மூடைக்கும் 14 என்று அடித்துவிட்டுப் போவார்கள். பிழையான எண் நிறைந்த பெட்டியை விட வெறும் பெட்டி மேல்.

காசைச் சாதாரணத் தசம எண்ணாக வைக்கவே கூடாது. பைதனில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும், 2.5 ஐ முழுமையாக்கச் சொன்னால் 2 என்று சொல்லும். சதத்தில் முழு எண்ணாக வையும், அல்லது டெசிமல் என்ற பகுதியைப் பாவித்து எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று நீரே சொல்லும். நெல் விலையையும் அந்தந்தக் கொள்வனவு வரியோடு சேர்த்தே சேமியும். விலைப் பட்டியலை மட்டும் நம்பினால், பின்னேரம் விலை மாறியதும் காலையில் வாங்கிய நெல்லின் கணக்கும் சேர்ந்து மாறும்.

உயர்தரத்தில் படித்த கணக்கீடு உமக்கு எங்கே உதவும் தெரியுமா? பேரேட்டில் பிழையான பதிவை அழிப்பதில்லை, எதிர்ப் பதிவு போடுகிறோம். தரவுத்தளத்திலும் அப்படியே செய்யும். ‘அழி’ பொத்தானே வேண்டாம். சண்டை வருகிற நாளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது அங்கே கிடக்கும்.

முல்லைத்தீவின் உள்ளூர்களுக்கு இறங்கினால் சிக்னல் வந்து வந்து போகும். சேமிக்கும் பொத்தானை அமர்த்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, திரும்பத் திரும்ப அமர்த்துகிறார். சிக்னல் வந்ததும் ஒரே நெல் மூன்று தரம் பதிவாகும். பதிவு எண்ணைச் சேர்வர் கொடுக்க விட்டால் இதுதான் கதி. படிவம் திறக்கும்போதே தொலைபேசி ஒரு தனி எண்ணை உருவாக்கட்டும், தரவுத்தளம் அதே எண்ணை இரண்டாம் தரம் ஏற்காமல் இருக்கட்டும். முதலில் தொலைபேசியிலேயே எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளக் கோப்பில் எழுதி, பிறகு அனுப்பும்.

தமிழ் எழுத்து வேறொரு தலையிடி. பழைய பட்டியல்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பார்க்கத் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றாமல் ஒரு பெயரையும் உள்ளே விடாதேயும். மாற்றிய பிறகும் ‘நொ’ என்பதன் கொம்பும் காலும் சில இடத்தில் ஒரே குறியாகவும் சில இடத்தில் இரண்டு குறிகளாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் தேடினால் அகப்படாது. சேமிக்க முன், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் முறைக்கு மாற்றினால் தீரும்.

இது காசிலும் கடிக்கும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67 தான். நாம் ஐந்து எழுத்தாக வாசிக்கும் ‘கிளிநொச்சி’ அதில் பத்து இடத்தைப் பிடிக்கும். நீர் அனுப்பும் செய்தி 71 இடம் என்றால் இரண்டு செய்திக்கான காசு போகும். மென்பொருளுக்கு விலை குறிக்க முன் இதைக் கணக்குப் பாரும்.

விலையை மாதச் சந்தாவாக வைக்காதேயும். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் ஆலையில் காசு புழங்கும். ஐப்பசியில் போய்க் கேட்டால் முகத்தைத் திருப்புவார்கள். சிறுபோகமோ குளத்தில் தண்ணீர் நின்ற அளவுக்குத்தான். போகத்துக்கு இவ்வளவு என்று கேளும். தொழிலைப் பதியப் பிரதேச செயலகம் இருக்கிறது. ஆனால் முதல் ஆலை காசு தரச் சம்மதித்த பிறகு அங்கே போனாலும் பிந்தாது.

கடைசியாகப் பற்றுச்சீட்டு. 58 மில்லிமீற்றர் தாளில் சூட்டால் அச்சடிக்கும் தேர்மல் பிரிண்டருக்குப் பொதுவாகத் தமிழ் தெரியாது, எழுத்தாக அனுப்பினால் குப்பைதான் வரும். சீட்டை 384 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்பும். அந்தத் தாள் வெயிலிலும் சட்டைப் பைச் சூட்டிலும் மங்கிவிடும், விவசாயிக்கோ அடுத்த போகம் வரை அது தேவை. ஆகவே முதல் போகத்துக்கு மில்காரர் கார்பன் கொப்பியையும் பக்கத்திலேயே வைத்திருப்பார். அதை அகற்றச் சொல்லாதேயும்.

அன்புடன்,
அண்ணா