கைப்பேசி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கனடாவின் வட சஸ்கட்சவான் மாநிலத்தில் உள்ள சர்ச்சில் ஆற்றில் படகுப் பயணம் போவது பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் வழி பார்க்கக் கைப்பேசி இருந்தால் போதும் என்று எழுதியிருந்தது சரியல்ல.

மூன்று கோடைகளாக அங்கே துடுப்புப் போடுகிறேன். மிசினிப்பே கிராமத்தைத் தாண்டியதுமே எங்களுக்கு சிக்னல் போய்விட்டது. ஆறு என்று பெயரே தவிர, அது ஏரிகளைக் கோத்த சரம். எங்கு பார்த்தாலும் பாறைத் தீவுகள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஸ்ப்ரூஸ் மரங்கள்.

போன ஆகஸ்டில் காலை மூடுபனியில் தவறான விரிகுடாவுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் அலைந்தோம். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த 1:50,000 வரைபடத்தை மடியில் விரித்தேன். அதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு தீவு, அப்புறம் ஆற்றின் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். பாறைகளில் தண்ணீர் சீறி இறங்கும் இடத்தை அப்படித்தான் குறிப்பார்கள். அதைப் பார்த்ததும் கரையேறி, படகைத் தோளில் சுமந்து கடந்தோம்.

இந்த வடக்கு நீர்வழிகளை நில அளவையாளர் டேவிட் தாம்சன் 1790களிலேயே செக்ஸ்டன்டும் (சூரியன், விண்மீன்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவி) திசைகாட்டியும் வைத்து, பழங்குடி வழிகாட்டிகளின் துணையோடு அளந்தார். இன்று கனடா அரசின் இணையதளத்தில் நான் சொன்ன 1:50,000 வரைபடங்கள் இலவசம். கோடை தொடங்குமுன் அதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

ஒரு வாசகி, சஸ்கட்டூன்