கார்டைக் கொண்டு வாருங்கள், படம் வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களாகக் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கூடைப்பந்துக் கார்டுகளின் (ஆட்டக்காரர் படம் அச்சிட்டு, சேகரிப்பவர்களுக்காக வரும் அட்டைகள்) படங்கள் வந்து விழுகின்றன. கூடவே "அண்ணே, இது எவ்வளவு போகும்?" என்று ஒற்றை வரி. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து அந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தியது எங்கள் தவறுதான். அதற்காகவே இந்த மடல்.

ஆரம்பம் 2025 ஆகஸ்ட். அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரங்கள் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்துப் போட்ட கார்டு ஒன்று, அப்பர் டெக் நிறுவனத்தின் 2007-08 எக்ஸ்குவிசிட் வரிசையில் வந்தது, அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலத்தில் 12.93 மில்லியன் டாலருக்குப் போனது. நம் மலேசியக் காசில் 50 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். ஒரு விளையாட்டுக் கார்டுக்கு அதுவரை எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை. செய்தி வந்த வாரமே பினாங்கில் பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்கள் எல்லாம் இறங்கத் தொடங்கின.

இது அடிப்படையில் பழைய நாணயக் கடை என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா காலத்தில் வாரத்துக்கு நாலு பேராவது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போர்க்காலத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்டபோது வரிசை எண்கூட இல்லாமல் அடித்துத் தள்ளிய நோட்டு அது. எண் போட்டு வந்த ஆரம்பகாலத்து நோட்டுக்கு மட்டும் ஏதோ ஒரு விலை உண்டு. அப்பா டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாக விஷயத்தைச் சொல்லி அனுப்புவார். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த கூடைப்பந்துக் கார்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும்படி அச்சடித்தார்கள்; வாங்கியவர்களும் பின்னாளில் விலை ஏறும் என்று பத்திரமாக எடுத்து வைத்தார்கள். எல்லாரும் எடுத்து வைத்த பொருள் எப்படி அபூர்வமாகும்?

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஓர் அக்கா வந்தார். தம்பி பள்ளிக்கூட நாளில் சேர்த்த டின். ரப்பர் பேண்டு உருகி மேல் கார்டில் ஒட்டியிருந்தது. இருநூற்றுச் சொச்சம் கார்டுகள், மொத்தமாக அறுபது வெள்ளி பெறும். ஆனால் நடுவில் 1990-91 ஹூப்ஸ் வரிசையின் சாம் வின்சென்ட் கார்டு இருந்தது! பந்தை வைத்திருப்பவர் சாம் வின்சென்ட். அவர் எதிரே 12ஆம் எண் சட்டையில் நிற்பவர் ஜோர்டன். 1990 பிப்ரவரி 14, ஆர்லாண்டோவில் ஆட்டத்துக்கு முன் ஜோர்டனின் 23ஆம் எண் சட்டை திருடு போய்விட்டது. பெயர் எழுதாத மாற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி 49 புள்ளி எடுத்தார். அந்த ராத்திரியின் படம்தான் அந்தக் கார்டு. விலை ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக்குக் காணும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் எங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பாதிச் சாமானைவிட அது அழகு. அக்காவிடம் அதை மட்டும் விற்க வேண்டாம் என்று சொன்னேன்.

சரி, படம் பார்த்து விலை சொல்வதில் என்ன கெடுதல்? நாங்களே பட்டதைச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் சுங்கை பட்டாணித் தம்பி ஒருவர் ஃபிளீர் நிறுவனத்தின் 1986-87 ஜோர்டன் கார்டின் படத்தை அனுப்பினார். 132 கார்டு கொண்ட அந்த செட்டில் 57ஆம் எண். ஜோர்டனின் ரூக்கி கார்டு (அறிமுகக் கார்டு) என்று உலகம் ஒப்புக்கொண்டது அதைத்தான். (ஸ்டார் என்ற நிறுவனத்தின் 1984-85 கார்டுதான் மூத்தது என்று ஒரு கட்சி உண்டு. அந்தச் சண்டைக்குள் இப்போது போகவில்லை.) படத்தில் நாலு முனையும் கத்தி மாதிரி இருந்தன. நான் யோசிக்காமல் "பதினைந்தாயிரம் வெள்ளிப் பக்கம் வரும், கொண்டு வாங்க" என்று எழுதிவிட்டேன்.

தம்பி மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். கார்டைக் கையில் வாங்கியதும் மனசு ஒப்பவில்லை. நாற்பது வருஷத்து அட்டையின் ஓரத்தில் விரல் வைத்தால் லேசாகச் சொரசொரக்கும். இது புதுப் பிளேடால் வெட்டியதுபோல் வழவழவென்று இருந்தது. அதே செட்டின் சாதாரண ஆட்டக்காரர் கார்டு ஒன்றை எப்போதும் மேசை இழுப்பறையில் வைத்திருப்போம். இரண்டையும் அடுக்கிப் பார்த்தால் தம்பியின் கார்டு ஒரு பக்கம் உள்ளே நின்றது. காலிப்பர் என்ற அளவுக்கருவியை வைத்தோம். அகலம் 63.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், இருந்தது 62.7. மழுங்கிய முனையைக் கூராக்க யாரோ ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். கார்டைச் சோதித்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு. சீவிய கார்டு என்று தெரிந்தால் அவர்கள் மதிப்பெண்ணே போடமாட்டார்கள்.

அவர் அதை இணையத்தில் யாரிடமோ வாங்கியிருந்தார். அடகில் இருந்த சங்கிலியை மீட்டுத் தருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தது என்னுடைய வாட்ஸ்அப் பதில். அன்றோடு முடிவு செய்தோம்.

கார்டின் விலை உயர உயர, அந்த விலைக்குக் காரணமானது படத்தில் தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

2003-04ல் அப்பர் டெக் எக்ஸ்குவிசிட் வந்தபோது ஐந்தே கார்டு கொண்ட ஒரு பெட்டி 500 டாலர். பைத்தியக்கார விலை என்று அப்போது சிரித்தார்கள். அதற்குள் லெப்ரான் ஜேம்ஸின் ரூக்கி கார்டு இருந்தது: ஜெர்சித் துணித்துண்டு பதித்து, கையெழுத்தோடு, 99 மட்டும். அதிலொன்று 2021 ஏப்ரலில் 5.2 மில்லியன் டாலருக்குக் கை மாறியது. அவருடைய சட்டை எண்ணுக்கு ஒப்பாக 23 மட்டும் அச்சிட்ட இன்னொரு வகையும் உண்டு. 2020 ஜூலையில் அதிலொன்று 1.845 மில்லியன். இதற்கெல்லாம் உச்சி 'லோகோமேன்'. ஜெர்சியில் தைத்திருக்கும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சின்னத்தையே வெட்டிக் கார்டில் பதிப்பார்கள். ஒரு ஜெர்சிக்கு ஒரு சின்னம்தான், அதனால் கார்டும் ஒன்றே ஒன்று. ஸ்டீபன் கரியின் 2009-10 லோகோமேன் ரூக்கி கார்டு 2021ல் 5.9 மில்லியன் டாலர். மேலே சொன்ன ஜோர்டன்-கோபி கார்டில் இருவருடைய சின்னமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

சேகரிப்பவர்களை இழுப்பது எது என்று வீட்டில் அடிக்கடி கேட்கிறார்கள். படத்துக்காக என்றால் போஸ்டர் வாங்கிக்கொள்ளலாமே. அந்தத் துணி அந்த ஆளின் உடம்பில் கிடந்தது, அந்தப் பேனாவை அவரே பிடித்தார், இப்படி ஒன்று இன்னொருவரிடம் கிடையாது. இந்த மூன்றும் ஓர் உள்ளங்கை அட்டையில் சேர்ந்து வருவதற்குத்தான் அந்தப் பணம். ஆகையால் மூன்றும் உண்மையா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

துணிக்கு, கார்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கவேண்டும். ஆட்டத்தில் அணிந்தது என்று உறுதி கூறும் கார்டு ஒரு ரகம். ஆட்டக்காரர் போட்டோ எடுக்கும்போது ஐந்து நிமிஷம் போட்டுக் கழற்றிய சட்டை இன்னொரு ரகம். எந்த ஆட்டத்தோடும் சம்பந்தமில்லை என்று சாமர்த்தியமாக எழுதி வரும் துணி மூன்றாவது. விலை மலைக்கும் மடுவுக்கும். ஆனால் எங்களுக்கு வரும் படங்களில் பத்தில் ஒன்பது முன்பக்கம் மட்டுமே! கையெழுத்திலும் கார்டின்மேல் நேரே போட்டதற்கும் ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதற்கும் மதிப்பு வேறு. சாய்த்துப் பார்த்தால்தான் ஸ்டிக்கரின் விளிம்பு தெரியும். அச்சைப் பார்க்க லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வேண்டும். அசலில் கறுப்பு எழுத்துகள் திண்ணமாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்துகூடப் புள்ளி புள்ளியாக உடையும்.

மதிப்பெண் கதையையும் சொல்லிவிடுகிறேன். தரம் பார்க்கும் நிறுவனங்களில் பிஎஸ்ஏ பத்துக்கு எண் போடுகிறது. பெக்கெட் என்ற நிறுவனத்தில் நடுவமைப்பு, முனை, ஓரம், மேற்பரப்பு என்று நாலுக்கும் தனித்தனி எண். நாலும் பத்தென்றால் கறுப்பு லேபிள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் விலை பல மடங்கு தாவும். 1997-98 மெட்டல் யூனிவர்ஸ் வரிசையின் பி.எம்.ஜி. (பிரெஷியஸ் மெட்டல் ஜெம்ஸ்) போன்ற கார்டுகளில் (நூறு மட்டும், முதல் பத்து பச்சை, மிச்சம் தொண்ணூறு சிவப்பு) மேலிருக்கும் உலோகப் பூச்சு ஊதினாலே உதிரும் போல இருக்கும். அதில் நல்ல எண் வாங்கியதைக் கண்டால் கும்பிடலாம்.

விலை ஏறிக்கொண்டே போகுமா என்று மட்டும் எங்களிடம் கேட்டு வராதீர்கள். பிஎஸ்ஏவில் பத்து மதிப்பெண் வாங்கிய ஃபிளீர் ஜோர்டன் கார்டு ஒன்று 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. அந்த வருஷம் முடிவதற்குள் அதில் பாதிகூட இல்லை. உலகத்தில் அப்படிப் பத்து வாங்கியவை முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அன்று உச்ச விலைக்கு வாங்கியவர் கார்டை ரசிக்கிறவராக இருந்தால் பிழைத்தார்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரம் கார்டுக்கு எமன். குரோம் என்ற பளபளப்புக் கார்டில் ஒரு பக்கம் அட்டை, ஒரு பக்கம் பூச்சு. அட்டை ஈரத்தைக் குடித்துப் புடைக்கும், பூச்சு புடைக்காது, கார்டு அப்பளம்போல் வளையும். கேமராவுக்கு வைக்கும் ட்ரை கேபினட்டே (ஈரம் அண்டாத பெட்டி) போதும், ஈரப்பதம் காட்டும் முள் 45, 50 சதவீதத்தில் நின்றால் சரி. சிலிக்கா பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். திருகாணி போட்டு இறுக்கும் பழைய பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள், கார்டு நசுங்கும். துடைக்காதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டோஸ்டாட் கடையில் லேமினேட் போட்டவர்கள் தயவுசெய்து எங்களிடம் காட்டவேண்டாம், எங்களுக்கு அழுகை வரும்.

இனி நடைமுறை. செவ்வாய், வெள்ளி மாலை 3 முதல் 6 வரை கடையில் கார்டு பார்க்கிறோம், கட்டணம் இல்லை. உங்கள் கண்ணெதிரே அளந்து, லூப்பில் காட்டி, விலையை எழுதித் தருவோம்; எங்களுக்கே விற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. 3,000 வெள்ளிக்கு மேற்பட்ட கார்டு எதையும் தரம் பார்த்து உறையிட்டு வந்தால் மட்டுமே நாங்கள் வாங்குவோம், விற்போம். உறையிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கைபேசியிலேயே தட்டிச் சரிபார்த்த பிறகுதான் பணம். தூரத்தில் இருப்பவர்கள் முதலில் போன் செய்யுங்கள். தபாலில் அனுப்பாதீர்கள்.

சுங்கை பட்டாணித் தம்பி போன வாரம் வந்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்றவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாராம். போகும்போது பத்து வெள்ளிக்கு ஒரு சாம் வின்சென்ட் வாங்கிக்கொண்டு போனார்.

அன்புடன்,
கடையிலிருந்து,
மார்க்கெட் ஸ்திரீட், ஜார்ஜ்டவுன்