அதிபரின் மடல்: கோட்டை நூதனசாலைக்கு அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் வர வேண்டும்

அன்பான பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வருகிற மாதம் முதல் புதன்கிழமை, தரம் 8, 9 பிள்ளைகளை மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருக்கிற நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். காலை 7 மணிக்கு பஸ் பாடசாலை வாசலில் நிற்கும். பஸ் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பொறுப்பெடுத்துள்ளது. மதியச் சாப்பாடும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்துவிட்டால் போதும்.

தவணைப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் இது தேவைதானா என்று சிலர் கேட்டீர்கள். தேவை என்றே நினைக்கிறேன். கொக்கட்டிச்சோலைக் கோயிலில் கல் நந்தி எழும்பிப் புல் தின்று பறங்கியரை, அதாவது போர்த்துக்கேயரை, திகைக்க வைத்த கதை தெரியாத பிள்ளை நம் பாடசாலையில் இல்லை. அந்தப் பறங்கியர் 1628 இல் புளியந்தீவில் கட்டிய கோட்டைதான் இது. பத்து வருடத்தில், 1638 இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வாவிக் காற்றில் நின்று அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் படித்த காலத்தில் மண்முனைத் துறையில், வாவியைக் கடக்கிற மிதவையான பாதைக்குக் காத்து நின்றுதான் பட்டணம் போனோம். 2014 இல் பாலம் திறந்த பிறகும் வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரைப் பிள்ளைகள் பலர் கோட்டையை வெளியே நின்றே பார்த்துவிட்டு வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி நான் கேட்க விரும்புவது.

போன தவணை ஒரு மாணவன் வீட்டிலிருந்து நீளமான ஒரு கம்பைக் கொண்டுவந்தான். நுனி வளைந்து, கை பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததாம். என்ன சாமான் என்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் அவனுடைய அப்பப்பா வந்தார். கம்பை வாங்கி, இல்லாத வைக்கோலை இரண்டு தரம் உதறிக் காட்டினார். "இது வேலைக்காரன் கம்பு. சூடு மிதிக்கக்குள்ள இது இல்லாமல் ஒண்டும் நடக்காது" என்றார். களவெட்டிக்குள், அதாவது நெற்கதிரைப் பரப்பி மாடு விட்டுச் சூடு மிதிக்கிற களத்துக்குள், நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். வெட்டும் மெசினை மட்டுமே கண்ட பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழும்பவில்லை. அவர் வராவிட்டால் அது வெறும் தடிதான்.

நூதனசாலையிலும் இதே நிலைமைதான். பொருள் இருக்கும், பக்கத்தில் பெயர் எழுதிய சின்ன அட்டை இருக்கும். அதைப் பிடித்து வேலை செய்த கையின் கதை அட்டையில் அடங்காது. ஆகவே, ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் வீட்டுப் பெரியவர்கள் எங்களோடு வர வேண்டும். கால் இயலாதவர்களுக்கு பஸ்ஸின் முன் இருக்கைகளை ஒதுக்கி வைக்கிறோம். ஆறுதலாக நடப்போம்.

இன்னொன்று. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போனவை எத்தனையோ. 2007 இல் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு ஓடியவையும், 2011 வெள்ளத்தில் ஊறி அழிந்தவையும் எத்தனையோ. இத்தனைக்கும் தப்பி உங்கள் நெல் பட்டடையின் மூலையில் நெல் அளக்கிற ஒரு மரைக்காலோ, பழைய ஏடோ, காணி உறுதியோ கிடந்தால் தயவுசெய்து பழைய சாமான் வாங்க வருபவருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். பொருளை உங்களிடமிருந்து எடுக்க மாட்டோம். பிள்ளைகள் படம் எடுத்து, யாருடையது, எந்த வயல் வட்டையில் பாவித்தது, எப்படிப் பாவித்தது என்று எழுதி வைத்த பிறகு அன்றே திருப்பித் தருவோம். நூதனசாலைக்குக் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அங்கே உங்கள் குடும்பத்தின் பெயரும் ஊரின் பெயரும் பொருளோடு எழுதப்பட வேண்டும் என்று நானே நேரில் கேட்பேன்.

சம்மதப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வரப்போகும் பெரியவரின் பெயரை அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் பஸ்ஸில் போடலாம், நூதனசாலைக்குள் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அதிபர்