வட சென்னை திகில் பட, ராக் இசை ரசிகர்கள்: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், திரைக்கு முன்னால் பாய் விரித்து உட்காரும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் திரையிடலையும் இசைப் பயிற்சியையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் இரங்கல். 2025 ஜூலை 22 அன்று பிளாக் சப்பாத் ராக் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் காலமானார், வயது 76. அதற்குப் பதினேழு நாள் முன்புதான், ஜூலை 5 அன்று, பிறந்த ஊரான பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் உட்கார்ந்தபடியே கடைசிக் கச்சேரியைப் பாடி முடித்திருந்தார். அக்டோபர் 16 அன்று கிஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலியும் மறைந்தார். மௌன அஞ்சலிக்குப் பதிலாக, பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் தொடங்கும்போது வரும் மழையையும் மணியோசையையும் ஒலிக்கவிட்டோம். கிட்டார் வருவதற்கு முன் நிறுத்திவிட்டோம்.

சென்ற பொதுக்குழுவில் கையிருப்பை எதில் போடுவது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பாதிப் பேர் புதுப் புரொஜக்டர் கேட்டார்கள். செயற்குழு ஸ்பீக்கருக்கும் மிக்சருக்கும்தான் செலவழித்தது. காரணத்தை மறுபடி பதிவு செய்கிறேன். 1960-இல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்டு ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்து எழுதியதைக் கேட்ட பிறகு மனம் மாறினார். அந்தக் காட்சியை ஏப்ரல் கூட்டத்தில் சத்தமில்லாமல் ஓட்டினோம். வடிகாலில் சாக்லேட் சிரப் ஓடுவது சாக்லேட் சிரப்பாகவே தெரிந்தது. ரத்தத்துக்கு அன்று அதைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு படத்தை அணைத்து ஒலியை மட்டும் விட்டோம். கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாங்கிய ஸ்பீக்கர் முதல் இரண்டு மாதம் மானத்தையும் சேர்த்து வாங்கியது. வசனம் கேட்கவில்லை; அலறல் மட்டும் தெருமுனை வரை போனது. கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. படக் கோப்பு ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியில் இருக்கும், வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். லேப்டாப் அதை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது வசனம் அமுங்கிப்போகிறது. பிளேயரில் நடு சேனலை 3 அல்லது 4 டெசிபெல் ஏற்றி, மொத்த வால்யூமை அதே அளவு இறக்கினால் சரியாகிவிடும். 1931-இன் 'டிராகுலா' மாதிரிப் படங்களுக்கு இந்த வேலை தேவையில்லை, அவை மோனோ. ஆனால் அதில் பின்னணி இசையே ஏறக்குறைய கிடையாது என்பதால் ஃபேன் சத்தம்கூடப் படத்தைக் கெடுக்கும். டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி படியிறங்கும் காட்சிக்காக, அதுவும் மே மாதத்தில், ஃபேனை ஒன்றில் வைக்கச் சம்மதித்த உறுப்பினர்களுக்கு நன்றி.

தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை மூலையில் வைப்பதையும் நிறுத்திவிட்டோம். நம் கூடத்தின் அகலம் 5 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அகலத்தின் இரு மடங்கான 10-ஆல் அதை வகுத்தால் 34. இந்த 34 ஹெர்ட்ஸ் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சுவரோரம் சாய்ந்திருப்பவருக்கு இடி மாதிரிக் கேட்கும், நடுவில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. பெட்டியைத் திரைக்குக் கீழே, முன்சுவரின் நடுவில் வைத்ததும் பெரிதும் அடங்கியது.

உறுமல் விஷயம். கிட்டார் ஆம்ப் ஒரு பாயின்ட்டிலும், லேப்டாப்பும் புரொஜக்டரும் வேறு பாயின்ட்டிலும் இருந்ததால் எர்த் வழியாக ஒரு சுற்று உண்டாகி 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. வாடகைக்கு வந்த சவுண்டு செட்டுக்காரர் ஒருவர் எர்த் பின்னை உடைத்துப்போட்டு "சரியாயிடுச்சு சார்" என்றார். உறுமல் நின்றது உண்மை, மைக்கைத் தொட்டவருக்கு ஷாக் அடித்ததும் உண்மை. எல்லாவற்றையும் ஒரே பாயின்ட்டிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் இடையில் ஒலியை மட்டும் கடத்தி எர்த் சுற்றை வெட்டும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் போட்டோம், தீர்ந்தது. எர்த் பின்னை யாரும் தொடக் கூடாது என்பதைத் தீர்மானமாகவே முன்வைக்கிறேன். சிங்கிள் காயில் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருள் மட்டும் உள்ள) கிட்டார் வைத்திருப்பவர்கள் டியூப்லைட் சோக்கை விட்டுத் தள்ளி நின்று, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கவும். ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகக் குறையும்.

படம் பற்றிச் சுருக்கமாக. பழைய படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. திரை நிறைய இழுத்தால் திகில் பட நடிகர் போரிஸ் கார்லாஃப் முகம் இட்லி ஆகிவிடும். இரு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். 'விவிட்' மோடு வேண்டாம், 'சினிமா' மோடு போதும். 1 கேவிஏ யுபிஎஸ் புரொஜக்டருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும். கரண்ட் போனதும் விளக்கு ஆறுவதற்குள் உள் ஃபேன் நின்றுவிட்டால் விளக்கின் ஆயுள் போய்விடும்.

ஆண்டின் பெரிய நிகழ்ச்சி, 1922-இன் ஜெர்மன் ஊமைப்படமான 'நொஸ்ஃபெராட்டு'வை உறுப்பினர்களின் கிட்டார், பேஸ், டிரம்ஸ் வாசிப்போடு திரையிட்டது. 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி, அனுமதியில்லாமல் கதையை எடுத்ததாக வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-இல் தீர்ப்பு வாங்கிய படம் இது. தப்பிய பிரதிகள் இருந்ததால் நமக்குக் கிடைத்தது. இதில் வேகம்தான் பெரிய கண்ணி. நொடிக்கு 18 ஃபிரேமில் சுமார் 94 நிமிடம் ஓட வேண்டியது, 24 ஃபிரேமில் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். படத்தின் ரத்தக்காட்டேரியான கவுண்ட் ஓர்லாக் சவப்பெட்டியோடு போவது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இருக்கும். கோப்பின் நீளம் 70-ஐ ஒட்டி இருந்தால் பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கவும். 90-க்கு மேல் இருந்தால் ஏற்கெனவே திருத்தியது, தொட வேண்டாம். திருத்திய கோப்பையே ஒத்திகையில் மறுபடி 0.75-இல் ஓட்டியதால் படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டி, டிரம்மருக்குக் கை ஓய்ந்துபோனது. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள் என்பதையும் கவனிக்கவும். சாயம் இல்லாத பிரதியில் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் உலாத்தும்.

இசைப் பயிற்சிக்கு வருவோம். பிளாக் சப்பாத் என்ற பெயரே இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா 1963-இல் எடுத்த, போரிஸ் கார்லாஃப் நடித்த திகில் படத்தின் ஆங்கிலத் தலைப்பு. அதற்கு முன் குழுவின் பெயர் எர்த். (நம் கூடத்தில் வாசித்திருந்தால் அதையே வைத்திருப்பார்கள்.) 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியான முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி வாசிப்பது மூன்றே சுரம்: ச, மேல் ச, பிறகு பிரதி மத்யமம். ஐரோப்பாவில் சாத்தான் பெயர் வாங்கிய இடைவெளி அது. நமக்கோ அதே சுரம் கல்யாணியில் இருக்கிறது, முகூர்த்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிக்கிறார். காந்தாரமும் பஞ்சமமும் துணைக்கு வராமல், மத்யமத்தைத் தனியே, மிக மெதுவாக நிறுத்தும்போதுதான் வயிறு கலங்குகிறது. பயிற்சியில் பிள்ளைகள் கமகம் சேர்த்து வாசித்ததும் திகில் போய்ப் பக்தி வந்துவிட்டது.

தாளத்துக்கு நம் சொற்கட்டே போதும். ஜான் கார்பென்டர் தன் 'ஹாலோவீன்' படத்துக்குத் தானே போட்ட பியானோ மெட்டு 5/4, அதாவது சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை. அதைப் பத்தாகப் பிரித்து 'தகிட தகிட தக தக' என்று வாயில் சொல்லிக்கொண்டால் சீக்கிரம் கைவரும். 1973-இன் 'எக்சார்சிஸ்ட்' எடுத்துக்கொண்ட மைக் ஓல்ட்ஃபீல்டின் தொடக்க மெட்டு ஏழும் எட்டுமாகப் பதினைந்து. ஏழில் குறையும் அந்த ஓர் எண்ணிக்கை, இருட்டில் இறங்கும்போது ஒரு படி இல்லாத மாதிரி. கீபோர்டில் இதை எட்டு எட்டாக 'சரிசெய்து' வாசிக்கும் பழக்கத்தை மாற்ற மூன்று வகுப்பு ஆனது.

தந்தி. கனத்த ஒலிக்குக் கனத்த தந்தி என்று நம் இளைஞர்கள் நம்புகிறார்கள். அயோமி தகடு ஆலை விபத்தில் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் ஆனதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய தந்தி போட்டார். 1971-இல் தந்திகளின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கியதும் விரலுக்கு இளக்கமாக இருக்கத்தான். முழு விரல் உள்ளவர்கள் அவ்வளவு இறக்க வேண்டுமானால் 9–42 செட் (தந்தியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தொளதொளத்துத் தடதடக்கும், 11–52 போடலாம். கழுத்து நுனியில் தந்தி படியும் நட்டின் பள்ளத்தை அதற்கேற்ப அராவ வேண்டும். கழுத்து வளைந்தால் மட்டும் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பவும். காசிமேட்டுக் காற்றுக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் அடியிலும் துடைக்கவும்.

நன்கொடையாக வந்த இசைத்தட்டுகளில் பாதி பூஞ்சை பிடித்தவை. வினைல் தட்டுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு. கோட்டின் போக்கிலேயே துடைக்கவும், குறுக்கே வேண்டாம். பழைய 78 தட்டுகளில் இதைத் தடவினால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். அவற்றுக்குச் சோப்புத்துளி கலந்த தண்ணீர் மட்டும்.

மொட்டை மாடித் திரையிடல் 7.15-க்குத் தொடங்கியாக வேண்டும். இரவு 10-க்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆடி ஞாயிறுகளில் திரையிடல் இல்லை. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும்போது எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு முன் ஹெர்மனின் வயலின் நிற்காது. தமிழ்ப் படங்களும் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்பட்டது. 1978-இலேயே வந்த 'சிகப்பு ரோஜாக்க'ளையும் 'ஹாலோவீ'னையும் அடுத்தடுத்த வாரங்களில் போடுகிறோம். இளையராஜா எங்கே வாத்தியங்களை நிறுத்துகிறார் என்று குறித்துக்கொண்டு வரவும்.

கடைசியாக, கொசுவத்திச் சுருளைப் புரொஜக்டர் பக்கம் வைக்க வேண்டாம். கதிரில் புகை மிதப்பது 'நொஸ்ஃபெராட்டு'வுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் லென்ஸிலும் ஃபில்டரிலும் படிந்த பசையைத் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.