முரளிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள முரளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கொல்லைப்புறச் சுவரைக் கட்டி முடித்தாயிற்று. அதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

போன வாரம் என்னோடு பேசிக்கொண்டே கவிதாவிடம் சாவியைக் கேட்டாய். 'சாவி' என்ற சொல் உனக்கு வாயில் வரவில்லை. வேலை அலுப்பு என்றாய். காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் இருக்கிறதாமே. கவிதாவைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

தலைவலி என்றாலே மூளையில் கட்டி என்று நான் பயப்படவில்லை. பெரும்பாலான தலைவலிக்குக் காரணம் வேறு. ஆனால் விடியற்காலையில் வாந்தியோடு வரும் வலி, சொல் தடுமாறுவது, ஒரு பக்கக் கை கால் சோர்வது, வளர்ந்த வயதில் முதன்முதலாக வரும் வலிப்பு, இவற்றுக்கெல்லாம் மாத்திரை போட்டுப் படுத்தால் ஆகாது. நரம்பு டாக்டரைப் பார். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அன்றே எடு.

சித்தப்பாவுக்கு மூளையில் கட்டி வந்தபோது அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான். ஆபரேஷன் முடிந்ததும் ஆறு வாரம், 30 தடவை கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். கூடவே வெறும் வயிற்றில் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் பேச்சு தெளிந்துவிட்டது, வீடே குணமாகிவிட்டதாக நம்பியது. ஆனால் அவருக்கு வந்தது கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய், நாலாம் கிரேடு, இருப்பதிலேயே மோசமான கிரேடு. நல்ல மூளைக்குள்ளேயே ஊடுருவிப் போவதால் அதை முழுதாக வெட்டியெடுக்க முடியாது.

எல்லாக் கட்டியும் அப்படி இல்லை, முரளி. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயே கிடையாது. பலருக்கு ஆபரேஷனோடு முடிந்துவிடுகிறது. உனக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

தங்கை கல்யாணக் கடனை ஒற்றை ஆளாக அடைத்த பிள்ளை நீ. ஊரில் யாரிடம் பேசினாலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். அந்தப் பொறுப்பு உன் உடம்பின் மேல் மட்டும் ஏன் இல்லை? மேனேஜரின் அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் லீவு போட்டு ஓடினாய். உனக்கென்று அரை நாள் கிடைக்கவில்லையா?

டாக்டர் சொல்லும்வரை பைக்கை எடுக்காதே. நடுரோட்டில் வலிப்பு வந்தால் என்ன செய்வாய்? எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது, சத்தம்தான் பெரிதாக இருக்கும். முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். டாக்டரைப் பார், தள்ளிப் போடாதே.

நாள் குறித்ததும் சொல், வந்துவிடுகிறேன். கவிதா தனியாக அலைய வேண்டாம். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ரிசல்ட் வரும்வரை நீயும் சொல்லாதே.

அம்மா