மேலாளராகியிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அணியிலேயே பிரமாதமாக மென்பொருள் நிரல் எழுதுகிறவரை டீம் லீடராக்கப் போவதாகப் போனில் சொன்னாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நன்றாக வேலை செய்கிறவர் நன்றாக வேலை வாங்குவார் என்ற எண்ணம் நிறுவனங்களில் வேரோடிக் கிடக்கிறது. நான் பணியாற்றிய பம்ப் தொழிற்சாலையில் கிரைண்டிங் ஆப்பரேட்டர் ஒருவர் இருந்தார். சாணைச் சக்கரத்தின் ஓசை மாறுவதைக் கேட்டே அது மழுங்கிவிட்டதென்று அறிந்து, வைரமுனையால் அதன் பரப்பைச் சீவிப் புதுப்பித்துவிடுவார்; அவர் முடித்த ஷாஃப்ட் சோதனையில் திரும்பி வருவது அபூர்வம். நிர்வாகம் அவரைச் சூப்பர்வைசராக்கியது. ஷிப்ட் பட்டியல் போடுவதும், ஸ்டோர்ஸுடன் மல்லுக்கட்டுவதும், லீவு கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பதும் அவருக்கு ஒத்துவரவில்லை. புதுப் பையன் ஒரு துண்டைக் கெடுத்தால், கற்றுக்கொடுக்கப் பொறுமையின்றி, அவனை விலக்கிவிட்டுத் தானே முடித்துவிடுவார். நல்ல ஆப்பரேட்டரும் போனார், சூப்பர்வைசரும் கிடைக்கவில்லை.

இது எங்கள் ஷெட்டோடு முடிந்த கதையல்ல. அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனையாளர்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வொன்று, அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்றும், அப்படி உயர்ந்தவர்களின் கீழ் இருந்தவர்களின் விற்பனை சரிந்தது என்றும் கண்டது. சம்பளத்தை உயர்த்தப் பதவியைத் தவிர வேறு வழியை நிறுவனங்கள் வைத்திருப்பதில்லை என்பதே பாதிக் காரணம் என்பேன். ஆகவே ஆட்களை மேய்க்காமலே மேலே போகும் தொழில்நுட்பக் கிரேடு உங்கள் நிறுவனத்தில் உண்டா என்று முதலில் விசாரி. இல்லையென்றால் அதற்காக எச்.ஆருடன் வாதாடு.

வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கூடுதல் சம்பளத்தில் இழுத்துவரும் யோசனையும் எனக்கு உவப்பாக இல்லை. ஹார்வர்டு பேராசிரியர் போரிஸ் க்ரோய்ஸ்பெர்க், வால் ஸ்ட்ரீட்டின் பெயர்பெற்ற பங்கு ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தபோது, தனியாக நிறுவனம் மாறியவர்கள் பலர் சறுக்கியதையும், தம் குழுவோடு மாறியவர்கள் அவ்வளவாகச் சறுக்காததையும் கண்டார். அவர்களுடைய திறமையில் பாதி, பக்கத்து இருக்கைக்காரர்களிடம் இருந்திருக்கிறது.

லீடரைத் தேட வேண்டுமானால், சிக்கல் வரும்போது மற்றவர்கள் யார் மேசைக்குப் போகிறார்கள் என்று கொஞ்ச நாள் கவனி. அவரிடம் ஒரே ஒரு மென்பொருள் ரிலீஸின் பொறுப்பை ஒப்படைத்துப் பார். பிடிக்காவிட்டால் மானக்கேடின்றிப் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. நீ மனத்தில் வைத்திருக்கும் அந்தப் பையனுக்கு இதில் விருப்பம் உண்டா என்று அவனிடமே கேட்டாயா?

அன்புடன்,
அப்பா